சட்டிக்கும் குழாய்க்கும் நடுவே

சமையலறையில் குப்பைக் குழாயின் மூடியைத் திறக்கிறோம், பையைப் போடுகிறோம், மூடுகிறோம். சில விநாடிகளில் எங்கோ கீழே 'தொப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், குப்பை போய்விட்டது. புதிய வீவக அடுக்குமாடிகளில் குழாய் வீட்டுக்கு வெளியே பொதுவாக இருக்கும். பழைய வீடுகளில் அடுப்புக்கு நாலடி தள்ளியே இருக்கும். எங்கே இருந்தாலும் குப்பையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதில் அதற்கு நிகர் வேறு இல்லை.

'போய்விட்டது' என்கிறோமே, எங்கே போனது? வீட்டில் பசுமைப் பழக்கங்கள் என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் 'இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்' என்ற பட்டியல்தான் கிடைக்கிறது. பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்வோம். முதலில் அந்தப் பையின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்வருவோம், வாருங்கள்.

பையின் பயணம்

குழாயின் அடியில் சேரும் குப்பையை லாரி அள்ளிக்கொண்டு எரியாலைக்குப் போகிறது. அங்கே 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது எரிக்கப்படுகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. எரித்தபின் குப்பையின் பருமன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு பங்கு சாம்பல் காற்றில் கரைந்துவிடுவதில்லை. துவாசில் அதைப் படகில் ஏற்றி, தெற்கே கடலில் இருக்கும் செமக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள்.

செமக்காவ், சகெங் என்ற இரண்டு தீவுகளையும் சேர்த்து, கடலில் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணை கட்டி, 350 ஹெக்டர் பரப்பில் உருவாக்கிய இடம் அது. தீவுவாசிகள் வீடுகளை விட்டுப் பெருநிலத்துக்கு வந்த பிறகுதான் அங்கே வேலை நடந்தது. 1999 மார்ச் இறுதியில் லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி செமக்காவ் திறக்கப்பட்டது. இன்று நம்மிடம் இருக்கும் ஒரே குப்பை நிரப்புமிடம் அதுதான்.

2045 வரை அது தாங்கும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். இப்போதைய வேகத்தில் 2035லேயே நிரம்பிவிடும் என்கிறார்கள். செமக்காவ் திறந்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. அது நிரம்பும்போது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. கடலுக்குள் இவ்வளவு செலவு செய்து கட்டிய ஓர் இடம், ஒரு மனிதரின் பாதி ஆயுளுக்குள் தீர்ந்துபோகிறது. அடுத்த செமக்காவுக்கு இந்தச் சின்ன நாட்டில் இடம் எங்கே இருக்கிறது? சாம்பலைக் கட்டுமானப் பொருளாக மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. அவை வெற்றி பெறட்டும். அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாதல்லவா?

"நான் ஒருத்தி செஞ்சா ஆச்சா?"

இந்த விஷயத்தை வானொலியில் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "ஏம்மா, நீங்களும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. நான் ஒருத்தி டப்பா கழுவி வைக்கிறதால செமக்காவ் நிறையாமப் போயிடுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 'சிறு துளி பெருவெள்ளம்' என்று சொல்லி நழுவிவிடலாம். அதைவிட அவருக்குக் கணக்காகவே பதில் சொல்வதுதான் மரியாதை.

தேசியச் சுற்றுப்புற வாரியம் செய்த ஓர் ஆய்வின்படி, சிங்கப்பூரில் சராசரியாக ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 1.5 கிலோ குப்பையை வீசுகிறது. அதில் பாதி உணவுக் கழிவு. அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல், தவிர்த்திருக்கக்கூடிய கழிவு. அதாவது தோல், எலும்பு, காம்பு அல்ல. சாப்பிட்டிருக்க வேண்டிய உணவு. அதிகம் வீசப்பட்டவை எவை தெரியுமா? சோறு, நூடல்ஸ், ரொட்டி.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1.5 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 547 கிலோ. அதில் பாதி 270 கிலோவுக்கு மேல். அதிலும் பாதி என்று வைத்துக்கொண்டாலே 135 கிலோவைத் தாண்டுகிறது. எடைக்கு எடை பார்த்தால் 27 ஐந்து கிலோ அரிசிப் பைகளின் கனம். கடையில் அரிசி வாங்கிக்கொண்டு வரும் வழியிலேயே ஒரு பையைக் குப்பையில் போட்டால் பார்ப்பவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்? அதையேதான் சமைத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் குழாய்க்குள் செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால் அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: டப்பா கழுவுவது நல்லது அம்மா, ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை அரிசி அளக்கும் குவளையில் இருக்கிறது.

சட்டியில் ஆரம்பம்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "யாராச்சும் வந்தா?" என்று ஒரு குவளை அரிசி கூடப் போடுவோம். விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காலத்தில் முன்கூட்டியே வாட்ஸ்அப் அனுப்பாமல் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? வராத விருந்தாளிக்காக அன்றாடம் ஒரு குவளை அரிசி வேகிறது.

சோற்றுப் பானையோடு வரும் அளவுக் குவளை 180 மில்லிலிட்டர். உங்கள் வீட்டில் எத்தனை குவளை போட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரே ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி வையுங்கள். திங்கள் 3 குவளை, ஒரு கிண்ணம் மிச்சம். செவ்வாய் 3 குவளை, மிச்சம் இல்லை. வெள்ளி 3 குவளை, பிள்ளைகள் வெளியே சாப்பிட்டுவிட்டார்கள், பாதி மிச்சம். ஏழே நாளில் உங்கள் வீட்டு அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும். 'இன்றைக்கு யார் யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள்?' என்று மாலை நான்கு மணிக்குக் குடும்பக் குழுவில் ஒரு வரி கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்படியும் மிஞ்சினால்? சோற்றை இரவு முழுவதும் வெளியே வைக்காதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் மூடி, குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் அது எலுமிச்சைச் சாதமாகவோ தயிர்ச் சாதமாகவோ நாசி கோரெங்காகவோ மாறட்டும். நாசி கோரெங்குக்கு முதல் நாள் சோறுதான் பொருத்தம் என்பது உணவங்காடி நிலையத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

காய்கறிக்கும் இதே கணக்குதான். ஈரச்சந்தையில் 'மூன்று கட்டு இரண்டு வெள்ளி' என்றால் கை தானாக நீளுகிறது. மூன்றாவது கட்டு மலிவாக வந்ததுதான். ஆனால் அது அடித்தட்டில் கிடந்து அழுகினால் அது மலிவா? குளிர்பதனப் பெட்டியில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டை 'முதலில் தீர்க்க வேண்டியவை' என்று ஒதுக்குங்கள். பாதி வெங்காயம், நேற்றைய குழம்பு, வாடத் தொடங்கிய கீரை எல்லாம் அங்கே. புதிதாக வாங்கியவை பின்னால். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவதைத்தான் கை எடுக்கும்.

தாம்பூலப் பை எத்தனை?

2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்கு குறைந்தது 5 காசு கட்டணம். காசு பெரிதில்லை. ஆனால் பணம் செலுத்தும் இடத்தில் ஒரு விநாடி நின்று, 'பை வேண்டுமா?' என்று நம்மை யோசிக்க வைத்தது அந்த 5 காசு.

சரி, துணிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். துணிப்பைக்கு நம் வீடுகளில் பஞ்சமா? ஜவுளிக்கடைப் பை, நகைக்கடைப் பை, கல்யாணத்துக்குப் போய்வந்த தாம்பூலப் பை, ஏதோ ஒரு மாநாட்டுப் பை. எண்ணிப் பார்த்தால் இருபதுக்குக் குறையாது. இங்கேதான் ஒரு சிக்கல். பருத்தி விளைய நிலமும் நீரும் வேண்டும். ஒரு துணிப்பை பலமுறை கடைக்குப் போய்வந்தால்தான் அதைச் செய்ததற்கே அர்த்தம். இருபது பையை அலமாரியில் அடுக்கி வைத்தால் அது பசுமை ஆகாது, சேகரிப்பு. நல்லதாக மூன்று எடுத்து ஒன்றைக் கைப்பையிலும், ஒன்றை வாசல் கதவுக் கொக்கியிலும், ஒன்றை அலுவலகத்திலும் வையுங்கள். பிறகு யாராவது இன்னொரு பை கொடுத்தால், 'வீட்டில் நிறைய இருக்கிறது' என்று புன்னகையோடு மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குப்பையைப் பையில் கட்டாமல் குழாயில் போடக் கூடாது. கரப்பான்பூச்சிக்குச் சோறு போடுவது மாதிரி அது. அதனால் பையே வேண்டாம் என்று யாரும் வீம்பு பிடிக்க வேண்டாம். ரொட்டி வந்த பை, அரிசி வந்த பை, பழம் வந்த பை எல்லாம் குப்பை கட்ட உதவும். அரிசிப் பை ஒன்று போதும், இரண்டு நாள் குப்பை தாங்கும்.

நீலத் தொட்டி நம்மை மன்னிக்காது

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். நம் வீட்டு மறுபயனீட்டு விகிதம் 2018ல் 22 விழுக்காடு. 2024ல் அது 11 விழுக்காடு. ஆறே ஆண்டுகளில் பாதியாகிவிட்டது. 2030க்குள் 30 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது நாட்டின் இலக்கு.

போடுகிற கொஞ்சமும் உருப்படியாகப் போய்ச் சேருகிறதா என்றால் அதுவும் இல்லை. நீலத் தொட்டிகளில் விழுபவற்றில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்குத் தகுதியற்றது என்கிறது வாரியம். காரணம் எளிது. நம் நீலத் தொட்டியில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒன்றாகச் சேரும். பிறகு மறுபயனீட்டு ஆலையில் ஆட்கள் கையால் பிரிப்பார்கள். யாரோ ஒருவர் மீன் குழம்பு ஒட்டிய டப்பாவை அப்படியே போட்டால், அது பக்கத்தில் இருக்கும் சுத்தமான செய்தித்தாளையும் நனைத்துவிடும். நனைந்த தாள் எதற்கும் ஆகாது. ஒரு வீட்டின் குழம்பு பத்து வீட்டின் உழைப்பைக் கெடுத்துவிடும். பிரிக்கிறவரும் மனிதர்தான், அவர் மூக்கையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எது போகக் கூடாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். டிஷ்யூ தாள், ஸ்டைரோஃபோம் பெட்டி, சாப்பாடு கட்டி வரும் பழுப்புத் தாள், எண்ணெய் படிந்த அட்டை, உடைந்த பீங்கான் இவை வேண்டாம். பழைய மின்கலம், கைப்பேசி, மின்விளக்கு ஆகியவை நீலத் தொட்டிக்கும் போகக் கூடாது, குழாய்க்கும் போகக் கூடாது. அவற்றுக்கெனக் கடைத்தொகுதிகளில் மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் சாப்பாடோ எண்ணெயோ ஒட்டியிருக்கிறதா? ஆம் என்றால் அலசுங்கள். அலசியும் போகவில்லை என்றால் குழாய்.

"அலசுவதற்குத் தண்ணீர் வீணாகாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கும் கணக்கு இருக்கிறது. 2023ல் சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய நீர் 141 லிட்டர். 2030க்குள் அதை 130க்குக் கொண்டுவர வேண்டும். பொழிகுழாயில் குளிக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 9 லிட்டர் போகிறது. ஒரு டப்பாவை அலச ஒரு குவளை நீர் போதும். அதையும் புதிதாகப் பிடிக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரோ கீரை கழுவிய நீரோ பாத்திரத்தில் இருக்கிறதே, அதுவே தாராளம். குளியலில் ஒரு நிமிடம் குறைத்தால் ஒரு வாரத்து டப்பாக்களை அலசிவிடலாம்.

யாருடைய பழக்கம் இது?

இதுவரை சொன்னதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் நிலைப்பதில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, தூரம். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீலத் தொட்டி பத்து மாடிக்குக் கீழே இருக்கிறது. 2014க்குப் பிறகு திட்டமிடப்பட்ட புதிய வீவக குடியிருப்புகளில் மறுபயனீட்டுக்கென்றே தனிக் குழாய் உண்டு. மற்ற புளோக்குகளில் நாம்தான் இறங்க வேண்டும். மறுபயனீட்டுப் பொருள்களைச் சேர்த்துவைக்க 2023ல் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தார்களே ஒரு நீலப் பெட்டி, அது உங்கள் வீட்டில் இப்போது எங்கே இருக்கிறது? படுக்கைக்கு அடியில் இருந்தால் வெளியே எடுங்கள். காலணி அடுக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். தனியாக ஒரு நடை இறங்காமல், எப்படியும் வெளியே போகிற ஒரு வேளையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். செய்தித்தாளும் பழைய மின்சாதனமும் சேர்ந்துவிட்டால், வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் காராங்குனிக்காரர் இருக்கவே இருக்கிறார்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. 'நம் வீட்டில் பசுமைப் பழக்கம்' என்று சொல்லும்போது அந்த 'நம்' யார்? அரிசியை அளப்பதும், மிச்சத்தை எடுத்துவைப்பதும், மறுநாள் அதை யாரும் தொடாததால் தானே சாப்பிடுவதும், டப்பாவை அலசுவதும், 'இதை ஏன் இதில் போட்டே?' என்று கேட்டுக் கெட்ட பேர் வாங்குவதும் பெரும்பாலும் ஒரே ஆள். அம்மா, மனைவி அல்லது பணிப்பெண். கொள்கை எல்லாருக்கும், உழைப்பு ஒருவருக்கு என்றால் அது எத்தனை நாள் ஓடும்? அவருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தோடு முடிந்துவிடும்.

அந்த அம்மா வானொலியில் "நான் ஒருத்தி" என்று சொன்னாரே, அதை நான் நாட்டுக் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டு பதில் தேடினேன். அவர் வீட்டுக் கணக்காகவும் அது இருந்திருக்கலாம். வீட்டில் நான்கு பேர் இருக்க, டப்பா கழுவுவது ஒருத்தி.

அதனால் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சத் தட்டைத் தீர்ப்பது வியாழக்கிழமை இரவு அப்பாவின் சமையலாக இருக்கட்டும். நீலப் பெட்டியைக் கீழே கொண்டுபோவது மகனோ மகளோ பள்ளிக்குப் போகும் வழியில் செய்யும் வேலையாகட்டும். சாப்பிட்ட டப்பாவைச் சாப்பிட்டவரே அலசட்டும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் யோசனை கேளுங்கள். சந்தைக்குக் கூடை எடுத்துப்போனதும், பாட்டிலைக் கழுவிப் பருப்புப் போட்டு வைத்ததும், பழைய வேட்டியைக் கைப்பிடித் துணியாக்கியதும் அவர்கள்தான். அன்றைக்கு அதைச் சிலர் 'கஞ்சத்தனம்' என்று கேலி செய்தார்கள். தனக்கும் பிறருக்கும் கொடுக்காமல் பூட்டி வைப்பதுதான் கஞ்சத்தனம். இருப்பதை வீணாக்காமல் நாலு பேருக்குப் போதுமாக்குவதற்குப் பெயர் சிக்கனம். இரண்டும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பிக்க வேண்டாம். ஒரே வாரத்தில் ஏழு பழக்கத்தைத் தொடங்கினால் எட்டாவது நாள் எதுவும் மிஞ்சாது. இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு தாளையும் பேனாவையும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். எத்தனை குவளை போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள். எழுதுகிறவர் சமைத்தவராக இருக்க வேண்டாம். அன்றைக்குக் கடைசியாகச் சாப்பிட்டவர் எழுதட்டும்.